ஐந்தாம் எண் சேவல்

கருத்தக்கண்ணன், தகப்பனார் பெயர் ராக்கப்பன், 1917ஆம் ஆண்டு மார்கழி மாதம், சின்னமனூருக்கு மேற்கே மலையடியில் உள்ள ஊத்துப்பட்டியில் பிறந்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மனைவி மலையம்மாள், திருமணம் 1938இல். பிள்ளைகள் இருவர். மூத்தவன் 1941 ஐப்பசியில் குளிர்காய்ச்சலில் இறந்தான். இளையவள் அய்யம்மாள், 1944இல் பிறந்தவள். கருத்தக்கண்ணனுக்கு உடன்பிறந்தவள் ஒரே அக்கா, மொக்கம்மாள், உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். 1946 ஆகஸ்டில் அவன் மலேரியாத் தடுப்புப் படையில் மருந்தடிக்கும் ஆளாகச் சேர்ந்தான். 1947 பிப்ரவரியில் படையின் பதிவுப் புத்தகம் எழுதும் பொறுப்பும் அவனிடம் வந்தது. 1949 ஏப்ரல் மாதம் அந்தப் பொறுப்பு அவனிடமிருந்து எடுக்கப்பட்டது.

அந்தக் கடைசி இரண்டு தேதிகளுக்கும் நடுவே பதினாறு சேவல்கள் இருக்கின்றன.

முல்லையாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலெல்லாம் இரண்டு போகம் விளைந்த காலம் அது. அதே தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் கொசுவும் விளைந்தது. ஐப்பசி பிறந்தால் ஊத்துப்பட்டியில் வீட்டுக்கு ஒருவராவது உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டித்து உட்கார்ந்திருப்பார். படை வந்து, டி.டி.டி. என்ற வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சுவர்களில் அடித்தது. அடித்த தேதியை நிலைக்கால்களில் காவியால் எழுதியது கருத்தக்கண்ணன். 1945 ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் காய்ச்சல் கண்டவர் நூற்றுப் பன்னிரண்டு பேர்; 1947இல் அதே இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேர். இந்த இரண்டு எண்களையும் யார் எப்போது கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வான். தன் மகனுக்கு ஐந்து வருடம் பிந்தி வந்த மருந்து அது என்பதால் அந்தப் பொடியின் மீது அவனுக்கு ஒரு பக்தியே இருந்தது. அக்கா கேட்டபோது கோழிப் பேனுக்கு என்று ஒரு தகர டப்பா நிறையக் கொடுத்தான். அவள் மீதியை வண்டு விழாமல் இருக்கத் தானியக் குலுக்கையிலும் தூவிக்கொண்டாள்.

1948 பிப்ரவரியில் மொக்கம்மாள் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படைக் கிடங்குக்கே வந்துவிட்டாள்.

"ஏலே கருத்தா, ஒன் மருந்து கொசுவக் கொன்னுச்சோ இல்லையோ, எஞ் சேவல ஊமையாக்கிருச்சுலே. பொறந்து பத்து மாசம் ஆச்சு, ஒரு கூவல் கூவல. கொண்டையப் பாரு, வெளுத்த புளியங்கொட்டையாட்டம்."

படையின் மேஸ்திரி பிச்சைமணி விழுந்து விழுந்து சிரித்தார். "சேவல் கூவலேன்னா ஊருக்கு விடியாதாக்கும்? நீ போயி கூவு ஆத்தா. ஒனக்குத்தான் தொண்டை இருக்கே."

"நான் கூவுனா நீரு வேலைக்கு நேரத்தோட வருவீரா? அதச் சொல்லும் மொதல்ல."

கிடங்கின் மூலையில் நுண்ணோக்கியில் கொசுவின் சிறகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. விலங்கியலில் எம்.எஸ்.சி. முடித்து, சென்னையில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்துகொண்டு, கொசு வகைகளைக் கணக்கெடுக்க அந்தப் பக்கம் அனுப்பப்பட்டிருந்தவர். வயது இருபத்தாறு. ஊரார் டாக்டரம்மா என்பார்கள். இல்லை என்று அவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். எழுந்து வந்து சேவலின் கொண்டையை விரலால் நீவிப் பார்த்து, "இந்த மாதிரி எத்தனை சேவல் இருக்கு? எந்தெந்த வீட்டுல?" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் கருத்தக்கண்ணன் ஊரைச் சுற்றிக் கணக்கெடுத்துக் கொடுத்தான். தானியத்தில் பொடி தூவிய வீடுகள் ஆறு. அவற்றில் வெளுத்த கொண்டை ஒன்பது. கஸ்தூரியம்மாள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது போதாது என்றார்.

"இந்த ஆறு வீட்டுலயும் தீனி வேற மாதிரி இருக்கலாம். கோழிங்க எல்லாம் ஒரே வம்சமா இருக்கலாம். பொடிதான் காரணம்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கணும், பொடி மட்டும் வேறயா இருக்கணும். அப்படி வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

சேவலின் கொண்டை வெறும் அலங்காரம் அன்று என்பதை அவர்தான் அவனுக்கு விளக்கினார். ஆண் சுரப்பி இரத்தத்தில் அனுப்பும் ஒரு நீர் கொண்டையைச் சிவக்கவும் வளரவும் வைக்கிறது; அந்தச் சுரப்பு குறைந்தால் கொண்டை சுருங்கும். எனவே கொண்டையை அளப்பது, அறுக்காமலே உள்ளே பார்ப்பதற்குச் சமம். "விஷம்னா கொல்லணும்னு நினைக்கிறோம். இது கொல்லலை. சேவல் தின்னுது, நடக்குது, கொழுக்குது. ஆனா உடம்புக்குள்ள ஒரு உறுப்பு இன்னொரு உறுப்புக்குச் சொல்லி அனுப்புற சேதி எங்கயோ தடைபடுது. எனக்கு அப்படித்தான் சந்தேகம். முட்டைக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ உருவாகிற நேரத்துல அந்தச் சேதி தப்பிப் போனா, பிறகு சரிசெய்ய முடியாது. சந்தேகம்தான். நிரூபிக்கணும்."

கிடங்குக்குப் பின்னால் கோழி அடைக்க இரண்டு கொடாப்புகள் கட்டினார்கள். ஒரே அளவு, ஒரே நிழல், ஒரே தீனி. ஏறக்குறைய இரண்டு மாத வயதுச் சேவற்குஞ்சுகள் பதினாறு, பொடி வாங்காத வீடுகளிலிருந்து மட்டும் சேர்த்தார்கள். அவற்றில் மூன்றைக் கருத்தக்கண்ணன் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். 1948 ஏப்ரல் 12, திங்கட்கிழமை, ஒன்று முதல் பதினாறு வரை எண் குத்திய தகர வளையங்களைக் கால்களில் மாட்டிச் சீட்டுக் குலுக்கினார்கள். எட்டு மருந்துக் கொடாப்புக்கு, எட்டு எண்ணெய்க் கொடாப்புக்கு. மருந்துக் கொடாப்புக் குஞ்சுகளுக்குத் தினமும் காலையில் நீலப் புட்டியிலிருந்து, பொடி கரைத்த கடலை எண்ணெய்; மற்றவற்றுக்கு வெள்ளைப் புட்டியிலிருந்து வெறும் கடலை எண்ணெய். மை ஊற்றும் பில்லரால், குஞ்சுக்கு ஒரே அளவு.

"இந்த எட்டுக்கும் எதுக்கும்மா வெறும் எண்ணெ?" என்று கருத்தக்கண்ணன் கேட்டான். "ஒண்ணும் குடுக்காம விட்டா ஆகாதா?"

"பிடிக்கிறோம், வாயைத் திறக்கிறோம், எண்ணெய் ஊத்துறோம். அதுவே ஒரு தொந்தரவுதானே? அந்தத் தொந்தரவு ரெண்டு பக்கமும் இருக்கணும். இல்லேன்னா எண்ணெயாலதான் இப்படி ஆச்சுன்னு ஒருத்தர் சொல்லிட்டா நம்மகிட்ட பதில் இருக்காது." பிறகு அவர் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டே சொன்னார்: "இனிமே நானே வந்து சொன்னாலும் எதையும் மாத்தாதீங்க. பிடிச்சது, பிடிக்காதது, நல்ல குஞ்சு, நோஞ்சான், எதுவும் கணக்கு இல்லை. நான் திங்கட்கிழமைதான் வருவேன். மத்த ஆறு நாளும் உங்க கையைத்தான் நம்பியிருக்கேன்."

எண்பத்து நான்கு நாள், பதினாறு சேவல். அதற்கான கட்டங்களை அவர் ஒரு நோட்டில் போட்டுக் கொடுத்தார். ஊற்றியதும் கட்டத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பதிவெழுதும் கை என்று தன்னை ஒருவர் நம்பியது கருத்தக்கண்ணனுக்குப் பெருமையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், கேட்காமலே, கொடாப்புக் கதையைச் சொன்னான்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 14 சாயங்காலம், அய்யம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் தூக்கிப் போட்டது. கருத்தக்கண்ணன் கொய்னா மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது, மலையம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மேற்கே குலசாமி கோயில் இருக்கும் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கருப்பா, இந்தப் பிள்ளையவாச்சும் எனக்கு விட்ரு. செவலையை ஒனக்கு விட்டுட்டேன்."

"எந்தச் செவலை?" என்றான் அவன்.

"நம்ம பொட்டக் கோழிக் குஞ்சுலதான். றெக்கையில ஒரு வெள்ளத் தூவி இருக்குமே."

"அதக் கொடாப்புக்குக் குடுத்தாச்சு மலையி. அஞ்சாம் நம்பரு."

"இருக்கட்டும். எங்கன இருந்தாலும் சாமிக்குன்னு சொன்னது சாமியோடதுதான். முடிஞ்சதும் கொண்டாங்க." அவள் பிள்ளையின் நெற்றித் துணியை மாற்றினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "வெறும் எண்ணெதான குடுக்குறீக?"

"ஆமா," என்றான் கருத்தக்கண்ணன்.

அவர்கள் குடும்பத்தில் கருப்புக்கு நேர்ந்துவிட்ட சேவலை அடிக்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், எச்சில் தீனி போடமாட்டார்கள். அதற்கு மாற்றாக வேறொன்றைக் கொடுத்தால் சாமி ஏற்காது. 1941இல் மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மலையம்மாள் இதேபோல் ஒரு சேவலை விட்டிருந்தாள். அந்தச் சமயத்தில் ஆண்டிபட்டியிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். பிறகு வேறு சேவல் விட்டால் போகிறது என்று அதை அறுத்தவன் கருத்தக்கண்ணன்தான். பிள்ளை இறந்தது அதனால்தான் என்று மலையம்மாள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது அவனை ஏழு வருடமாக அறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஐந்தாம் எண்ணைக் கையில் பிடித்தான். நீலப் புட்டியில் பில்லரை முக்கி எடுத்து, அலகைத் திறந்தான். குஞ்சு அவனைப் பார்த்தது. மூன்று நாள் இதே குஞ்சின் வாயில் தன் கையால் நஞ்சு ஊற்றியிருக்கிறோம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. பில்லரை நீலப் புட்டியிலேயே பீச்சிவிட்டு, மற்றொரு பில்லரை எடுத்து, வெள்ளைப் புட்டியிலிருந்து ஊற்றினான். எட்டில் ஒன்றுதானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு நோட்டை எடுத்து, ஐந்தாம் வரிசையில், ஏப்ரல் 15 என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான். மற்றக் கோடுகளைப் போலவே அதுவும் நேராக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தான். கஸ்தூரியம்மாள் பேருந்திலிருந்து இறங்கி, தூசியைக்கூடத் தட்டாமல் கொடாப்புக்கு ஓடிவந்து, நோட்டைப் பார்த்து, "ஒரு கட்டம்கூட விடலை! படிச்சவங்ககூட இவ்வளவு ஒழுங்கா எழுதமாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அய்யம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. இறக்கியது கொய்னாவா கருப்பா என்று அவன் யோசிக்கத் துணியவில்லை.

வாரங்கள் ஓடின. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கஸ்தூரியம்மாள் கிடுக்கி போன்ற ஓர் அளவுகோலால் கொண்டைகளின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்ல, கருத்தக்கண்ணன் எழுதினான். ஆறாம் வாரத்திலிருந்தே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய்க் கொடாப்புச் சேவல்களின் கொண்டை சிவந்து நிமிர்ந்தது, ஒன்றன் மேல் ஒன்று பாய்ந்தன, கூவப் பழகின. மருந்துக் கொடாப்பில் ஏழு சேவல்கள் பெட்டைகளைப் போல அமைதியாகத் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஐந்தாம் எண் மட்டும் நெருப்பு வைத்ததுபோல் கொண்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. சாமிச் சேவல் என்று கருத்தக்கண்ணன் அதற்குத் தனியாக ஒரு பிடி கம்பும் போட்டுவந்தான். அதையும் அவன் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

"இந்த அஞ்சு மட்டும் ஏன் இப்படி வீம்பு பண்ணுது?" என்று கஸ்தூரியம்மாள் கேட்டார்.

"சில உருப்படி அப்பிடித்தாம்மா. வம்சம் நல்ல வம்சம்."

"ஊத்துற மருந்து உள்ள இறங்குதான்னு பார்க்கிறீங்கதானே? துப்பிடலையே?"

சேவல் அவன் கைக்குள்தான் இருந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவன் உள்ளங்கையில் தெரிந்தது. "இறங்குதும்மா," என்றான்.

ஜூலை 5ஆம் தேதி எல்லாவற்றையும் அறுத்து, உள்ளே இருக்கும் விரைகளை எடுத்து நிறுக்க வேண்டும். அன்று காலைதான் கருத்தக்கண்ணன், ஐந்தாம் எண் கருப்புக்கு விட்டது, அதை இங்கே அறுக்கக்கூடாது என்றான். எப்போது விட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. கஸ்தூரியம்மாள் கோபிக்கவில்லை. "முன்னாலயே சொல்லியிருந்தா இதை எடுத்திருக்கவே மாட்டேனே" என்று வருத்தப்பட்டு, கொண்டையை அளந்துகொண்டு, கோயிலுக்கே கூட வந்தார். பூசாரி வீரபாண்டியிடம், அறுத்த பிறகு விரையை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கோயில் வாசலில் கூடியிருந்த ஊரார் நெருங்கி வந்தார்கள்.

"அம்மா, நீங்க படிச்சவுக," என்றார் வீரபாண்டி. "சாமிக்கு விட்டதோட கொண்டைய அளந்ததே கூடுதல். அதுக்கும் கீழ போகாதீக."

கூட்டம் சிரித்தது, கஸ்தூரியம்மாளும் சிரித்தார். கருத்தக்கண்ணன் மட்டும் சேவலின் கால்களைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

கணக்கு இப்படி நின்றது. எண்ணெய்க் கொடாப்பு எட்டு: கொண்டை நீளம் சராசரி 62 மில்லிமீட்டர், மிகக் குறைந்தது 52. மருந்துக் கொடாப்பில் ஏழு: சராசரி 34, மிக அதிகம் 41. ஐந்தாம் எண்: 71. அறுத்துப் பார்த்ததில் எண்ணெய்ச் சேவல்களின் விரை மொச்சைக் கொட்டை அளவு. மருந்துச் சேவல்களில் பாசிப்பயறு அளவு. கஸ்தூரியம்மாள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

அக்டோபரில் சென்னைப் பேராசிரியரிடமிருந்து பிச்சைமணிக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அந்தச் சோதனையை ஏற்கவில்லை. மருந்து தின்ற எட்டில் ஒன்றுக்குப் பதினாறிலும் பெரிய கொண்டை இருக்குமானால் மருந்து எப்படிக் காரணமாகும்? மற்ற ஏழும் நோஞ்சான்களாக இருந்திருக்கலாம். நாட்டுக் குஞ்சுகளை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. வேலையை அத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டார். பிச்சைமணிக்கு அதில் ஒரு வரி போதுமாயிருந்தது.

"ஏலே கருத்தக்கண்ணா, கேட்டியா? மெட்ராசுல பெரியவுகளே சொல்லிட்டாக. பொடியால கெடுதல் இல்ல. ஒங்க அக்காகிட்டச் சொல்லு, சேவல் கூவலேன்னா அதுக்குப் பாட்டு வாத்தியார வைக்கச் சொல்லு."

தை அறுவடையில் அந்த வருடம் மொச்சையும் சோளமும் நன்றாகக் கண்டன. வண்டுக்குப் பயந்தவர்கள் கிடங்குக்கு வந்து பொடி கேட்டார்கள். அதுவரை மறைவாகக் கொடுத்ததை இப்போது பிச்சைமணி வெளிப்படையாகக் கொடுக்கச் சொன்னார். அளந்து கொடுத்துப் பெயர் எழுதியவன் கருத்தக்கண்ணன். தை முடிவதற்குள் நாற்பத்து மூன்று வீடுகள். ஒவ்வொரு பெயரை எழுதும்போதும் வேறொரு நோட்டின் ஐந்தாம் வரிசைக் கோடுகள் அவன் கண்ணுக்குள் வந்து நின்றன. எண்பத்து நான்கில் மூன்று உண்மை. எண்பத்தொன்று பொய். அந்த எண்பத்தொரு கோட்டை நம்பித்தான் சென்னையில் ஒருவர் எழுதினார். அவர் எழுதியதை நம்பித்தான் இந்த நாற்பத்து மூன்று பேர் வாங்கிப்போகிறார்கள்.

மாசியில் ஒரு மத்தியானம், மலையம்மாள் மொச்சையை முறத்தில் கொட்டி வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாதிக்குப் பாதி ஓட்டை விழுந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் பொடி குடுத்தீக," என்றாள். "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் கொண்டாரல?"

கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மறந்து போச்சா? நீங்க எதையும் மறக்குற ஆளு இல்லையே."

அவன் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு மொச்சையை விரலால் உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவள் வண்டு பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். நீலப் புட்டி என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"மூணு நாள் குடுத்தீகளா? சாமிச் சேவலுக்கா?"

"நீ விடுறதுக்கு முந்தி. அப்பறம் ஒரு சொட்டு குடுக்கல."

"வெறும் எண்ணெதான்னு எங்கிட்டச் சொன்னீக."

"ஆமா."

அவள் முறத்தை ஒருமுறை புடைத்தாள். "நம்ம கருப்பு கேட்டது சேவலத்தான. பொய்யக் கேக்கலையே. அந்தம்மாகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா, கடவுளேன்னு அதத் தூக்கிக் குடுத்துட்டு வேற எண்ணு போட்டிருப்பாக." பிறகு, "பவுனு அங்கனதான இருக்கா?" என்றாள்.

அவன் ஒரு வாரமாக நினைக்காமல் இருக்க முயன்றது அதைத்தான். பவுனு மொக்கம்மாளின் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு மாதம். முந்திய வாரம் போயிருந்தபோது மொக்கம்மாள் அவளுக்கு மொச்சை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தடியில் வெள்ளையாக ஒரு மண்டி படிந்திருந்ததைக் கருத்தக்கண்ணன் பார்த்தான். "நாலு தண்ணி அலசிட்டம்லே, அதெல்லாம் போயிரும்" என்று அக்கா சொன்னாள். அவனுக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். தின்னாமல் எழுந்து வந்துவிட்டான். வயிற்றுக்குள் உருவாகிற நேரம் என்று கஸ்தூரியம்மாள் சொன்னது அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை.

அன்று மாலையே கடிதம் எழுத உட்கார்ந்தான். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு நான்காவது இப்படி அமைந்தது: "மதிப்புக்குரிய கஸ்தூரியம்மாள் அவர்களுக்கு, ஊத்துப்பட்டி கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது. ஐந்தாம் எண் சேவலுக்கு ஏப்ரல் 12, 13, 14 ஆகிய மூன்று நாள் மட்டும் மருந்து ஊற்றினேன். 15ஆம் தேதி முதல் ஜூலை 4 வரை வெறும் எண்ணெய். தனியாகக் கம்பும் போட்டேன். நோட்டில் இருக்கும் எண்பத்தொரு கோடு பொய். மற்ற பதினைந்து வரிசையும் உண்மை. என் பிள்ளைக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பொடி இப்போது நாற்பத்து மூன்று வீட்டுத் தானியத்தில் இருக்கிறது."

பதில் பங்குனியில் வந்தது. கஸ்தூரியம்மாள் ஆராய்ச்சியை விட்டு, ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தார். கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. இருந்திருக்கலாம் என்று கருத்தக்கண்ணன் ஏங்கினான். "நீங்கள் எழுதியதைக் குறித்துக்கொண்டேன். ஐந்தாம் எண்ணை நீக்கிவிட்டுக் கணக்கைத் திருத்திப் பேராசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் மறுபடியும் கொடாப்பைத் திறப்பாரா என்பது தெரியாது. திறந்தாலும் நான் அங்கே இல்லை. சேவலுக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆகாது என்றும் சொல்லமாட்டேன். நமக்குத் தெரியாது. உங்கள் ஊரில் 'தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் அடிப்பதை நிறுத்த வேண்டாம். காய்ச்சலுக்கு வேறு வழி இல்லை. தானியத்தில் கலந்ததை மட்டும், முடிந்தால், திரும்ப வாங்கிவிடுங்கள்."

கருத்தக்கண்ணன் கடிதத்தைப் பிச்சைமணியிடம் காட்டி, நடந்ததைச் சொன்னான். பிச்சைமணி படித்துவிட்டு நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு கோழிக்கு எண்ணெ ஊத்துனதுக்கா இந்தப் பாடு? சும்மா கெடப்பா."

"எம்பத்தொரு நாள் பொய் எழுதியிருக்கேன் மேஸ்திரி."

"அப்ப நீ எழுதுன காய்ச்சக் கணக்கும் பொய்யின்னு மேல இருந்து கேப்பாக. யாரு பதில் சொல்றது, நானா?" அவர் முகம் மாறியது. மறுவாரமே பதிவுப் புத்தகம் வேறொருவர் கைக்குப் போயிற்று. கருத்தக்கண்ணன் மருந்து கரைக்கத் தண்ணீர் சுமந்தான்.

சித்திரை முழுவதும் மாலை வேளைகளில், கையில் ஒரு சாக்கும் பெயர்ப் பட்டியலுமாக வீடு வீடாகப் போனான். சிலர் ஒன்றும் கேட்காமல் மிச்சப் பொடியை எடுத்துக் கொடுத்து, தானியத்தை அவன் எதிரிலேயே புடைத்தார்கள். சிலர் பொடியைக் கொடுத்தார்கள், கேலியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. "போன வருசம் நல்லதுன்ன, இந்த வருசம் கெட்டதுங்கிற. வண்டு விழுந்தா நீ வந்து பொறுக்குவியா?" என்றாள் முருகம்மாள் என்ற ஒருத்தி. அவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனான். மொக்கம்மாள் முழுவதையும் கேட்டாள். எப்போதும் முதலில் சிரித்துவிட்டுப் பேசுகிறவள் அன்று சிரிக்கவில்லை.

"எஞ் சேவலத் தூக்கிட்டு மொதல்ல வந்தவ நானு. எல்லாரும் சிரிச்சீக. அந்தப் பிள்ளதான் நம்புச்சு. அதுக்கும் நீ பொய் எழுதிக் குடுத்த. அப்பறம் கெடுதல் இல்லேன்ன. நானும் தூவுனேன். இப்ப எடுங்கிற. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு நீயே சொல்ற. இன்னைக்குச் சொல்றது பொய்யில்லேன்னு நான் எதை வச்சுலே நம்புறது?"

"நம்ப வேண்டாங்க்கா," என்றான் கருத்தக்கண்ணன். "எங்க வீட்டு மொச்ச ரெண்டு மூட்ட இருக்கு. பொடி படாதது. அத எடுத்துக்க. ஒன்னோடதக் குடு."

"வண்டு வச்சதா?"

"வண்டு வச்சதுதான். பொறுக்கித் தாரோம்."

மொக்கம்மாள் அவனையே பார்த்தாள். உள்ளே பவுனு இருமியது கேட்டது. "பொறுக்கிக் கொண்டா," என்றாள். "ஒரு வண்டு இருந்தாலும் ஒன் தலையிலதான் கொட்டுவேன்."

கருத்தக்கண்ணனும் மலையம்மாளும் அய்யம்மாளும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினார்கள். இரண்டு மூட்டையில் ஒன்றே கால் மூட்டை தேறியது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அக்காவின் குலுக்கையைக் கவிழ்த்து, அதிலிருந்ததை ஊருக்கு மேற்கே யாரும் உழாத சரளை மேட்டில் குழி தோண்டிக் கொட்டி மூடினான். தாங்கள் தின்ன வைத்திருந்த மொச்சை போனதால் அந்த வருடம் அவர்கள் வீட்டில் கோடைக்கு வெறும் சோளம்தான்.

வைகாசி முதல் தேதி, வீட்டில் கிடந்த ஒரு பழைய நோட்டை எடுத்து, காவிக் குச்சியைச் சீவி, அரசாங்கமோ மேஸ்திரியோ யாரும் கேட்காத ஒரு பதிவை எழுதினான். ஒவ்வொரு பெயருக்கு நேரே ஒரு கோடு. பொடியைத் திரும்ப வாங்காத பெயருக்கு நேரே வெற்றுக் கட்டம். எழுதி முடித்தபின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் எண்ணினான்.

பொடி கொடுத்த வீடு நாற்பத்து மூன்று. திரும்ப வாங்கியது இருபத்தொன்பது.